நடமாடும் மரம் அரியும் இயந்திரம்: பழுதை அறிவதும் திருத்துவதும்

சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கூரை. கூரைக்குத் தீராந்தி, சிலாகை, றீப்பை வேண்டும். கதவுக்கும் யன்னலுக்கும் பலகை வேண்டும். குற்றியை லொறியில் ஏற்றி நகரத்து மர ஆலைக்குக் கொண்டுபோய், அரிந்து, திரும்பக் கொண்டுவருவதற்குள் கையில் உள்ள பணம் போக்குவரத்துக்கே போய்விடும். இயந்திரத்தை மரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தால் அந்தச் செலவு மிஞ்சும்.

உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, தச்சுத் தொழிலாளர் குழுவோ இத்தகைய இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வைத்திருந்தால் இந்தப் பாடம் உங்களுக்கானது. பொது இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் ஒரு வீட்டின் வேலை மட்டும் நிற்பதில்லை. வரிசையில் காத்திருக்கும் எல்லா வீடுகளின் வேலையும் நிற்கும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பட்டிவாள் இயந்திரத்தில் வரும் கரைச்சல்களில் பெரும்பகுதி எஞ்சினில் தொடங்குவதில்லை. மழுங்கிய வாள், சரியில்லாத இழுவிசை, இடம் மாறிய வழிகாட்டி உருளை, தேங்கிய மரத்தூள் ஆகிய நான்கில் ஒன்றில்தான் அவை தொடங்குகின்றன. இந்த நான்கையும் நீங்களே பார்க்கலாம், நீங்களே சரிசெய்யலாம்.

இயந்திரத்தின் பகுதிகள்

பழுதைப் பற்றிப் பேசுவதற்கு முன் பகுதிகளின் பெயரை அறிந்துகொள்வோம்.

வாள்: பல் வெட்டப்பட்ட மெல்லிய உருக்கு நாடா. இரு முனையும் ஒட்டப்பட்டு ஒரு பெரிய வளையமாக இருக்கும். இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலும் பயன்படும் வாள் 32 மில்லிமீற்றர் அகலமும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. அதன் பற்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று நேரே என மாறி மாறிச் சாய்ந்திருக்கும். இதைப் பல் விரிவு என்று சொல்வோம். இந்த விரிவுதான் வாளின் உடல் மரத்தில் உரசாமல் போக வழி விடுகிறது.

சில்லுகள்: வாள் இரண்டு சில்லுகளில் ஓடுகிறது. ஒன்றை எஞ்சின் பெல்ற் மூலம் சுழற்றும். மற்றது வாளை இழுத்துப் பிடிக்கும்.

இழுவிசைத் திருகு: இரண்டாவது சில்லைத் தள்ளி வாளை இறுக்குவது. வாள் எவ்வளவு இறுகியுள்ளது என்பதைக் காட்டும் மானியோ அடையாளக் கோடோ அதன் அருகில் இருக்கும்.

வழிகாட்டி உருளைகள்: வாள் மரத்துக்குள் நுழையும் பக்கமும் வெளிவரும் பக்கமும் வாளை நேராகப் பிடிக்கும் சிறிய உருளைகள். ஒன்று நிலையானது. மற்றதைக் குற்றியின் அகலத்துக்கு ஏற்ப நகர்த்தலாம்.

தண்டவாளமும் சட்டமும்: குற்றி சட்டத்தின் மேல் அசையாமல் கிடக்கும். வாளும் எஞ்சினும் உள்ள தலைப்பகுதி தண்டவாளத்தில் ஓடி மரத்தை அரியும்.

தண்ணீர்த் தாங்கி: ஓடும் வாளில் தண்ணீரைச் சொட்டவிட்டு, சூட்டையும் பாலையும் பிசினையும் நீக்குவது.

கை வைப்பதற்கு முன்

எந்தப் பழுதைப் பார்ப்பதாக இருந்தாலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. எஞ்சினை நிறுத்துங்கள்.
2. சில்லுகள் முழுதாக நிற்கும்வரை பொறுத்திருங்கள்.
3. பிளக்கில் இருந்து வயரைக் கழற்றுங்கள்.
4. அதன் பின்னர் மட்டும் மூடியைத் திறவுங்கள்.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெல்ற் இறுகியிருக்கும்போது சில்லைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுழலும். அது ஒரு தடவை உதைத்தாலும் போதும், விரல் போய்விடும்.

வாளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் தடித்த கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். மடித்துக் கட்டிய வாள் ஒரு வில்லைப் போன்றது. கட்டை அவிழ்த்ததும் விரிந்து பாயும். முகத்தை விலக்கி, கையை நீட்டி, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி அவிழுங்கள். வேலை நடக்கும்போது வாள் ஓடும் திசைக்கு நேராக எவரும் நிற்கக் கூடாது. சாரம், சேலைத் தலைப்பு, சால்வை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் தொங்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தூரத்தில் ஒரு கயிறு கட்டி எல்லை காட்டுங்கள்.

மரத்தூளைச் சுவாசிக்காதபடி மூக்கையும் வாயையும் மூடிக் கொள்ளுங்கள். முதிரை அரியும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்.

குற்றியை ஏற்றுவதற்கு முன்

போர் நடந்த இடங்களில் நிற்கும் மரங்களுக்குள் உலோகம் இருக்கலாம். ரவையோ எறிகணைச் சன்னமோ புகுந்த இடத்தை மரம் சில ஆண்டுகளில் பட்டையால் மூடிவிடும். வெளியே ஒரு வீக்கமோ பழைய தழும்போ மட்டும் தெரியும். வேலியில் நின்ற பூவரசிலும் வேம்பிலும் முட்கம்பியும் ஆணியும் புதைந்திருப்பதும் வழமை. வாளின் பற்களில் உருக்குத் துண்டு ஒன்று பட்டால் அந்த வாள் அந்த நொடியிலேயே பாழாகிவிடும். அறுந்தும் போகலாம்.

ஆகவே ஒவ்வொரு குற்றியையும் இப்படிப் பாருங்கள்:

பட்டையைச் சுற்றிவரப் பார்த்துத் தழும்பு, துளை, வீக்கம் உள்ள இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். குற்றியின் வெட்டு முகத்தில் கருநீலக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு மரத்தின் சாற்றுடன் சேரும்போது இந்த நிறம் வரும். பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த காந்தத்தைப் பட்டையை ஒட்டி நகர்த்திப் பாருங்கள். ஆனால் காந்தம் மேலாக உள்ள இரும்பை மட்டுமே காட்டும். ஆழத்தில் உள்ளதையும், செம்பு, ஈயம் போன்றவற்றையும் காட்டாது. காந்தம் ஒட்டவில்லை என்பதால் மரம் சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள்.

வேலி ஆணி என்று நிச்சயமாகத் தெரிந்தால் பிடுங்கி எடுக்கலாம். என்னவென்று தெரியாத பொருளைத் தோண்டாதீர்கள், தட்டாதீர்கள், உளி வைக்காதீர்கள். அந்தக் குற்றியைத் தொடாமல் விட்டுவிட்டு, ஆட்களை விலக்கி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ மிதிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். அதனை விறகாக எரிக்கவும் கூடாது. உள்ளே வெடிபொருள் இருந்தால் சூட்டில் வெடிக்கும்.

பதுங்குகுழிகளுக்கு அடுக்கிய பனங்குற்றிகளையும் தென்னங்குற்றிகளையும் வீட்டு வேலைக்கு எடுக்க விரும்புவது இயல்பு. இரண்டு காரணங்களுக்காக நிதானியுங்கள். பதுங்குகுழிக்குள்ளும் அதன் மண்ணிலும் வெடிக்காத பொருட்கள் கிடக்கலாம். பரிசோதித்து முடிந்த இடம் என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு குற்றியையும் இழுக்காதீர்கள். அடுத்தது, ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த குற்றியில் மணல் ஊறிப் போயிருக்கும். கழுவி, கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டாமல் அரிந்தால் ஒரு குற்றியோடு வாள் மழுங்கிவிடும்.

அனுமதி பற்றியும் ஒரு சொல். பலா, ஈரப்பலா, பனை போன்ற மரங்களைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி எடுத்தே தறிக்க வேண்டும். அரிந்த மரத்தைக் கொண்டு செல்வதற்கும் இயந்திரத்தை இயக்குவதற்கும் என்ன பத்திரங்கள் தேவை என்று பிரதேச செயலகத்திலும் வனத் திணைக்கள அலுவலகத்திலும் வேலை தொடங்குமுன் கேளுங்கள்.

பழுதைத் தேடும் முறை

பழுது வந்ததும் கையில் ஸ்பனரை எடுக்காதீர்கள். முதலில் மூன்றைக் கவனியுங்கள்: அரிந்த பலகையின் முகம், விழுந்த தூள், இயந்திரத்தின் ஒலி. நல்ல தூள் சிறு செதில்களாக விழும். மாவைப் போல் விழுந்தால் வாள் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள்.

அடுத்து, புதிதாகத் தீட்டிய வாள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். கரைச்சல் போய்விட்டால் பழுது பழைய வாளில் இருந்தது. போகாவிட்டால் பழுது இயந்திரத்தில் இருக்கிறது. இதற்காகவே நல்ல வாள் ஒன்றை எப்போதும் தனியே வைத்திருங்கள்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இழுவிசையையும் உருளையையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். அடுத்த முறை மீண்டும் தொடக்கத்தில் இருந்தே தேட வேண்டிவரும்.

பழுது 1: பலகை அலை அலையாக வருகிறது

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இதுதான். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

வாள் மழுங்கியிருக்கலாம். பல்லின் நுனியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கூர்மையான நுனி ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கோடாக மினுங்கினால் அது மழுங்கிய நுனி.

இழுவிசை குறைந்திருக்கலாம். வாள் ஓடிச் சூடானதும் சற்று நீளும். ஆகவே வாளை மாட்டிய பின்னரும், முதற் குற்றி முடிந்த பின்னரும் மானியைப் பாருங்கள்.

நகரும் உருளை தூரத்தில் இருக்கலாம். உருளைகளுக்கு இடையில் வாள் எவ்வளவு நீளமாகத் தனித்து ஓடுகிறதோ அவ்வளவுக்கு அது தளம்பும். குற்றியைத் தட்டாத அளவுக்கு உருளையைக் கிட்டக் கொண்டு வாருங்கள்.

வேகமாகத் தள்ளியிருக்கலாம். கணு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். கணுவில் மட்டும் வாள் ஏறி இறங்கினால் காரணம் பெரும்பாலும் மழுங்கலும் வேகமுமே.

வாளில் பால் அல்லது பிசின் ஒட்டியிருக்கலாம். தண்ணீரில் சிறிது சவர்க்காரத் திரவம் கலந்து சொட்டவிடுங்கள்.

பழுது 2: வாள் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

அலைபோல் ஏறி இறங்காமல் ஒவ்வொரு முறையும் மேலேயோ கீழேயோ மட்டும் போனால் இரண்டில் ஒன்று. பற்கள் ஒரு பக்கம் கூடுதலாக விரிந்துள்ளன. அல்லது வழிகாட்டி உருளை சாய்ந்துள்ளது.

ஆணியில் பட்ட வாளில் ஒரு பக்கத்துப் பற்கள் தேய்ந்து போவதால் மற்றப் பக்கம் இழுக்கும். வேறு வாளை மாட்டியதும் சரியாகிவிட்டால் அதுதான் காரணம்.

சரியாகாவிட்டால் உருளையைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, நேரான ஓர் உலோகச் சட்டத்தைப் பல்லின் மேல் படாதபடி வாளின் மேல் குறுக்காக வைத்துப் பிடியுங்கள். சட்டத்தின் முன்முனையில் இருந்தும் பின்முனையில் இருந்தும் கீழே உள்ள படுக்கைச் சட்டம் வரை அளவுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை இரு உருளைகளின் அருகிலும் செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் உருளையைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

பல இயந்திரங்களில் உருளைகள் வாளைச் சில்லு மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் கீழே அழுத்திப் பிடிக்கும்படி அமைக்கப்படுகின்றன. உருளையின் விளிம்புக்கும் வாளின் முதுகுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படும். உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பழுது 3: பலகையின் ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெல்லிசு

இங்கே வாளைக் குறை சொல்லாதீர்கள். தண்டவாளத்தின் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. மணல் நிலத்திலும், மாரி மழைக்குப் பின் இளகிய நிலத்திலும் இது அடிக்கடி நடக்கும். தண்டவாளத்தின் கால்களுக்குக் கீழே அகலமான பலகைத் துண்டுகளை வையுங்கள். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நூல் இழுத்துக் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு முறை பார்ப்பது போதும். பாரமான குற்றியை ஏற்றினால் மீண்டும் பாருங்கள்.

முனைகள் சரியாக இருந்து நடுப்பகுதி மட்டும் வேறுபட்டால் மரத்தின் உள்ளிறுக்கம் காரணமாக இருக்கலாம். அரிய அரியக் குற்றி வளையும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து அரியாமல், சில பலகைகளுக்கு ஒருமுறை குற்றியை மறுபக்கம் புரட்டி அரியுங்கள்.

பழுது 4: வாள் சில்லில் இருந்து கழன்று விழுகிறது

இழுவிசை போதாமை முதற் காரணம். அடுத்தது சில்லின் சாய்வு. வாள் சில்லில் சரியான இடத்தில் ஓடினால், பற்களின் அடிப்பள்ளம் சில்லின் முன்விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கும். 32 மில்லிமீற்றர் வாளுக்கு இது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். பற்கள் சில்லின் மேலேயே ஓடினால் அவற்றின் விரிவு கெடும். சில்லின் ரப்பர்ப் பட்டியும் வெட்டுப்படும். மூடியைத் திறந்து, பிளக் வயர் கழற்றிய நிலையில், சில்லைக் கையால் சுற்றிப் பார்த்துச் சாய்வுத் திருகைச் சரிசெய்யுங்கள். மூடியை மூடாமல் எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டாம்.

சில்லில் உள்ள ரப்பர்ப் பட்டி தேய்ந்து தட்டையாகியிருந்தாலும், அதன்மேல் தூள் இறுகிப் படிந்திருந்தாலும் வாள் நிலைக்காது. தூளைச் சுரண்டி எடுங்கள். தேய்ந்த பட்டியை மாற்றுங்கள்.

பழுது 5: வாள் அடிக்கடி அறுகிறது

அறுந்த வாளை எறிய முன் அறுந்த இடத்தைப் பாருங்கள். ஒட்டிய இடத்திலேயே அறுந்திருந்தால் ஒட்டு பிழை. பல்லின் அடிப்பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு என்றால் மழுங்கிய வாளை நெடுநேரம் ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது தீட்டும்போது பள்ளத்தில் கூரான மூலை விழுந்திருக்கிறது. முதுகுப் பக்கத்தில் தொடங்கிய வெடிப்பு என்றால் வாள் உருளையின் விளிம்பில் உரசுகிறது.

வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்தி விடுங்கள். இரவு முழுவதும் இறுகியபடி கிடந்தால் வாளும் களைக்கும், ரப்பர்ப் பட்டியிலும் பள்ளம் விழும்.

அறுந்த வாளை வீதியோர வெல்டிங் கடையில் ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். இந்த வாளை ஒட்டுவதற்குத் தனியான கருவி வேண்டும். ஒட்டிய பின் அந்த இடத்தைப் பதப்படுத்தவும் வேண்டும். சாதாரண வெல்டிங் ஓடும்போது தெறிக்கும்.

பழுது 6: வாள் சூடாகிறது, புகை மணக்கிறது

தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். குழாயின் நுனியைத் தூள் அடைத்திருக்கும். கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள். தண்ணீர் வந்தும் சூடாகினால் வாள் மழுங்கியிருக்கிறது, அல்லது பல் விரிவு குறைந்து வாளின் உடல் மரத்தில் உரசுகிறது.

பனையிலும் முதிர்ந்த தென்னையிலும் வெளிப்புற வைரம் மிகக் கடினம். வாளை விரைவாக மழுங்கச் செய்யும். இவற்றை அரியும் நாளில் தீட்டிய வாள்களைக் கூடுதலாக வைத்திருங்கள். முதிரை, பாலை போன்ற கடின மரங்களுக்கு மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் தள்ளுங்கள்.

பழுது 7: பெல்ற் கிறீச்சிடுகிறது, வாள் மரத்துக்குள் நின்றுவிடுகிறது

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வாள் மட்டும் நின்றால் பெல்ற் வழுக்குகிறது. பெல்ற்றைத் துடைத்து, இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். வெடிப்பு விழுந்த பெல்ற்றை மாற்றுங்கள். ஒயிலோ கிறீசோ பட்ட பெல்ற் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

எஞ்சினும் சேர்ந்து இறங்கினால் குற்றி வாளை நெரிக்கிறது, அல்லது நீங்கள் வேகமாகத் தள்ளுகிறீர்கள். எஞ்சினை நிறுத்தி, அரிந்த இடைவெளியில் மர ஆப்பு ஒன்றைச் செருகிப் பலகையைச் சற்று உயர்த்திய பின்னரே தலைப்பகுதியைப் பின்னுக்கு இழுங்கள். வாள் ஓட ஓடப் பின்னுக்கு இழுத்தால் அது கழன்றுவிடும்.

பழுது 8: எஞ்சின் இயங்கவில்லை அல்லது இடையில் நிற்கிறது

சிறிய பெற்றோல் எஞ்சின் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா, வழியின் திருகு திறந்திருக்கிறதா? மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் கெட்டுப் பசையாகி, கார்புரேற்றரை அடைக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதியது விடுங்கள்.
2. ஒயில் மட்டம் சரியா? பல எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் தானாக நிறுத்தும் அமைப்பு உண்டு. இயந்திரம் சரிந்து நின்றாலும் அது நிறுத்திவிடும்.
3. காற்றுப் பில்ட்டர் தூளால் அடைத்துள்ளதா? மரத்தூளுக்குள் வேலை செய்யும் எஞ்சினுக்கு இது அன்றாடம் பார்க்க வேண்டியது.
4. பிளக் கறுத்துள்ளதா, நனைந்துள்ளதா? துடைத்து இடைவெளியைப் பாருங்கள். பல சிறிய எஞ்சின்களில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர்.
5. பத்து நிமிடம் ஓடி நின்று, சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறதா? பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து மூடியதும் ஓடத் தொடங்கினால் அது காரணமாக இருக்கலாம். துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றாதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிப் படியும் தூளை அடிக்கடி அகற்றுங்கள். அது தீப்பிடிக்கும்.

வாளைக் காப்பாற்றுவது

வாள் முழுதாக மழுங்கும்வரை அரியாதீர்கள். சற்று மழுங்கியதும் கழற்றித் தீட்டினால் கொஞ்சம் உருக்குத்தான் தேயும். அதே வாளைப் பல முறை தீட்டலாம். முற்றாக மழுங்கிய பின் தீட்டினால் இரண்டு மூன்று தடவைக்கான உருக்கு ஒரேயடியாகப் போய்விடும். சுத்தமான குற்றியில்கூட ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாளை மாற்றுவது நல்லது.

தீட்டும் கல் பல்லின் முகத்தில் இருந்து பள்ளத்தின் வளைவு வழியாக முதுகு வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். உருக்கு நீலமாக மாறினால் சூடு கூடிவிட்டது; அந்தப் பல்லின் பதம் கெட்டுவிட்டது. மெல்லத் தொட்டுத் தீட்டுங்கள்.

ஒவ்வொரு வாளுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். எந்த நாள், எந்த மரம், எத்தனை மணித்தியாலம், எத்தனையாவது தீட்டு என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். குழுவில் இயக்குபவர் மாறினாலும் கொப்பி இயந்திரத்துடனேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும்

காலையில்: ஒயில், காற்றுப் பில்ட்டர், தண்டவாள மட்டம், இறுக்கிகள், வாளின் இழுவிசை.

இடையில்: தண்ணீர், தூள் தேக்கம், வாளின் கூர்.

மாலையில்: இழுவிசையைத் தளர்த்துவது, தும்புத்தடியால் தண்டவாளத்தையும் சில்லுகளையும் கூட்டுவது, வாளைத் துடைத்து ஒயில் பூசுவது, இயந்திரத்தை மழை படாமல் மூடுவது.

எப்போது மெக்கானிக்கை அழைக்க வேண்டும்

சில்லைக் கையால் சுற்றும்போது கரகரவென்று ஒலித்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. சில்லில் வெடிப்பு, சட்டத்தில் ஒட்டு விட்ட இடம், எஞ்சினில் வழமையில்லாத தட்டல் ஆகியவற்றைக் கண்டாலும் இயந்திரத்தை அன்றே நிறுத்துங்கள். இன்னும் நான்கு பலகைதானே என்று ஓட்டினால், ஒரு பெயாரிங்கின் செலவில் முடியவேண்டியது சில்லோடு அச்சையும் சேர்த்து வாங்குவதில் முடியும். அருகில் நிற்பவருக்கும் ஆபத்து.

குழுவாகக் கலந்து பேசுங்கள்

1. முதல் ஐந்து பலகை நேராக வந்தது. ஆறாவதில் டக் என்று ஒரு சத்தம். அதன்பின் எல்லாப் பலகையும் கீழே இழுக்கிறது. என்ன நடந்திருக்கும்?

2. ஒரு மாத மழைக்குப் பின் இயந்திரத்தை எடுத்தீர்கள். வாள் புதிது. ஆனால் பலகையின் ஒரு முனை விரல் தடிப்புக் கூடுதல். எதை முதலில் பார்ப்பீர்கள்?

3. அயல்வீட்டார் தம் காணிப் பதுங்குகுழியில் இருந்து எடுத்த பனங்குற்றிகளைக் கொண்டு வருகிறார். அவரிடம் என்ன கேட்பீர்கள்?

விடைகள்: ஒன்றில், வாள் உலோகத்தில் பட்டு ஒரு பக்கப் பற்கள் கெட்டுவிட்டன. இயந்திரத்தை நிறுத்துங்கள். பட்டது வேலி ஆணி என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அகற்றி, வாளை மாற்றித் தொடருங்கள். தெரியாவிட்டால் குற்றியைத் தொடாமல் விலகி அறிவியுங்கள். இரண்டில், நூலும் ரசமட்டமும் எடுத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். மூன்றில், அந்த இடம் வெடிபொருள் பரிசோதனை முடிந்த இடமா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் குற்றியில் சன்னமும் தழும்பும் தேடுங்கள், மணலைக் கழுவுங்கள். இல்லை என்றாலோ தெரியாது என்றாலோ அந்தக் குற்றியை இயந்திரத்தில் ஏற்றாதீர்கள். மீதிக் குற்றிகளை எடுக்க அவரைத் திரும்பிப் போக விடாதீர்கள். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.